பீரங்கிக்கு அசையாத குட்டி

“செப்டம்பர், சனிக்கிழமை காலை. மொட்டை மாடி. தசரா யானைகளுக்கான பீரங்கிப் பயிற்சி தொடங்கிய நாள். முதல் வெடிக்கே ஐந்து நாய்க்குட்டிகள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓடின. தாய் எழுந்து நின்றது. முழு வெள்ளைக் குட்டி மட்டும் அசையவில்லை. கடைசி வெடி வரை என் காலடியிலேயே படுத்திருந்தது. வீரம் பிறவியிலேயே வருகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.”

சென்ற ஆண்டு நான் எழுதிவைத்த குறிப்பு இது. மாதம், கிழமை, இடம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் சரி. கடைசி வாக்கியம் மட்டும் தவறு. அதைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் திருத்தம் எழுதியிருக்கிறேன். ஆனால் அடித்தது படிக்க முடியாமல் போகும்படி அடிக்கவில்லை. பழைய ஆவணங்களில் மற்றவர்களின் அடித்தல் திருத்தல்களைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடிப் படிக்கிறவன் நான். என்னுடையதை மட்டும் மறைத்தால் நியாயமாகாது.

மைசூரில் தசரா நெருங்கும்போது ஊர்வலத்து யானைகளும் குதிரைகளும் மிரளாமல் இருக்க, அவற்றை நிறுத்திவைத்துப் பீரங்கி வெடித்துப் பழக்குவார்கள். மண்டி மொஹல்லாவில் எங்கள் வீட்டு மாடிக்கு அந்தச் சத்தம் தெளிவாகவே வரும். சந்தில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. காய்கறிக்காரர் பாதியில் நிறுத்திய பேரத்தை வெடி முடிந்ததும் தொடர்வார். யானைக்கு வைக்கும் பரீட்சையை நாய்க்குட்டிக்கும் வைத்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் எனக்கு மட்டும்தான் வந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, சரித்திரம் உள்ள ஒரு காவல் நாயை வளர்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். என் மனைவி கேட்டது ஒரே கேள்வி.

“நம்ம வீட்டுல காவல் காக்குறதுக்கு என்னங்க இருக்கு? உங்க புஸ்தகமா? வாசல்ல வெச்சாக்கூட யாரும் எடுத்துட்டுப் போக மாட்டாங்க.”

ஆனாலும் நாய் வந்தது. ராஜபாளையம் நாய், பெண். வந்த ஒரே மாதத்தில் அது என் மனைவியின் நாயாகிவிட்டது. நான் அதன் வரலாற்றாசிரியன் என்ற அளவில் நின்றுகொண்டேன்.

அந்த வரலாறும் லேசில் பிடிபடவில்லை. பெயர் ஒரு ஊரைச் சொல்கிறது, அவ்வளவுதான். பாளையக்காரர் காலத்தில் கோட்டை வாசலில் காவல் இருந்த இனம் என்கிறார்கள். வெள்ளைக்காரர் படையின் குதிரைகள் மேல் பாய்ந்தது என்கிறார்கள். வடக்கே தெலுங்குச் சீமையிலிருந்து குடிபெயர்ந்த படைக் குடும்பங்கள் தங்களோடு அழைத்துவந்தன என்பது ஒரு தரப்பு. புள்ளி போட்ட டால்மேஷியனுக்கே இதுதான் மூதாதை என்பது இன்னொரு தரப்பு. ஒவ்வொன்றையும் துரத்திக்கொண்டு போனால், இவர் அவரைப் பார்த்து எழுதியிருப்பார், அவர் ஊர்ப் பெரியவர் சொன்னதாக எழுதியிருப்பார். பெரியவருக்கு யார் சொன்னார்கள் என்று கேட்க ஆளில்லை. தேதியோடு நான் உறுதிப்படுத்த முடிந்தது ஒன்றுதான். 2005ஆம் ஆண்டு நம் தபால் துறை நாட்டு நாய்களுக்குத் தபால்தலைகள் வெளியிட்டபோது இந்த இனத்துக்கும் ஒன்று கிடைத்தது. இதை நான் சொன்னபோது மனைவி நாயை ஒரு பார்வை பார்த்தாள்.

“செத்துப்போனவங்களுக்குத்தானே ஸ்டாம்ப் போடுவாங்க? இது சோறு கேட்டுக் கத்திட்டிருக்கு.”

எல்லாத் தரப்பும் ஒத்துப்போகும் விஷயம் ஒன்று உண்டு. உடம்பு முழுக்க வெள்ளை, மூக்கு ரோஜா நிறம், இப்படி இருந்தால்தான் சுத்தமான வம்சம். உடம்பில் வேறு நிறம் விழுந்த குட்டிகளை முன்பெல்லாம் வளர்ப்பவர்கள் ஒதுக்கிவிடுவார்களாம். ஆகவே எங்கள் நாய் ஆறு குட்டிகள் போட்டதும் நான் முதலில் பார்த்தது நிறத்தை. ஒன்றுக்குக் காதில் தவிட்டு நிறம். ஒன்றுக்கு வால் அடியில் ஒரு திட்டு. மற்றவற்றில் ஏதாவது ஒரு மூலையில் மை சிந்தியதுபோல் ஒரு கறை. ஒன்றே ஒன்றுதான் பால்போல முழு வெள்ளை. மூக்கும் ரோஜா நிறம். அதை நான் தனியாகப் படம் பிடித்தேன். மற்ற ஐந்துக்கும் சேர்த்து ஒரு படம்.

குட்டி வளர்ப்பது பற்றிப் படித்தது வேறு, வளர்த்தது வேறு. கண் திறக்கும் வரை சாக்குப் படுக்கையில் ஒன்றன்மேல் ஒன்றாக மாவுருண்டைகள் மாதிரி கிடந்தன. கண் திறந்த பிறகு வீட்டில் நடப்பதற்கு இடமில்லை. தாய் பால் கொடுக்கச் சலித்துக்கொண்ட நாளிலிருந்து மனைவி ராகிக் கூழைப் பாலில் கரைத்துத் தாம்பாளத்தில் ஊற்றினாள். ஆறும் அதற்குள் இறங்கி நின்று குடித்தன. குடித்ததைவிடப் பூசிக்கொண்டது அதிகம். பூச்சி மருந்து கொடுக்கும் நாளில் யாருக்குக் கொடுத்தேன், யாருக்குக் கொடுக்கவில்லை என்பது எனக்கே குழம்பிவிட்டது. மனைவி குட்டிகளை முகர்ந்து பார்த்து, மருந்து வாசனை வராத ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

அவள் தொடக்கத்திலேயே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். வீட்டில் ஒரு நாய்தான். தீபாவளிக்கு முன் குட்டிகள் எல்லாம் நல்ல இடமாகப் போய்விட வேண்டும். நானும் ஒத்துக்கொண்டேன். முழு வெள்ளைக் குட்டிக்கு இடம் ஏற்கெனவே தயார். மனைவியின் தம்பிக்கு ஹனூர்ப் பக்கம் மக்காச்சோளக் காடு, மாட்டுக் கொட்டகை, கொஞ்சம் ஆடு. அதற்கு முந்திய கோடையில் அவனுடைய நாயைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போய்விட்டது. பீரங்கிப் பயிற்சி நடந்த அன்றே அவனுக்குப் போன் செய்தேன்.

“உனக்கு ஒரு சிங்கத்தையே வெச்சிருக்கேன்டா. பீரங்கி வெடிக்குது, திரும்பிக்கூடப் பாக்கல.”

“அப்படீங்களா மாமா? எங்க பழைய நாயி பட்டாசுக்கே கட்டிலுக்கு அடியில போயிருமுங்க. இதையே வெச்சிருங்க, வந்து தூக்கிட்டுப் போயர்றேன்.”

மனைவி அந்தக் குட்டிக்கு மகாராஜா என்று பட்டம் கொடுத்தாள். பீரங்கி மரியாதை வழக்கமாக நடக்கிறவருக்கு அது ஒரு பொருட்டா என்று கேட்டாள். எனக்கு அது பாராட்டாகவே பட்டது.

அடுத்த வாரம் அவள் சமையலறையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். குக்கர் விசில் அடித்தது. ஐந்து குட்டிகளும் காதைத் தூக்கின. மகாராஜா உறங்கிக்கொண்டிருந்தது.

“பாத்தியா, நிதானம்,” என்றேன்.

அவள் ஒரு எவர்சில்வர் தட்டைக் குட்டிக்குப் பின்னால் தரையில் போட்டாள். ஐந்தும் சிதறி ஓடின. எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அது உறங்கிக்கொண்டே இருந்தது. மனைவி குனிந்து அதன் முதுகைத் தொட்டதும்தான் திடுக்கிட்டு விழித்தது. விழித்த பிறகு அவள் கையைக் கண்டு வாலாட்டியது.

“மகாராஜாவோடது நிதானம் இல்லீங்க. கிளம்புங்க, டாக்டர்கிட்ட போலாம்.”

கால்நடை மருத்துவர் எங்கள் மகள் வயதுப் பெண். என்னை அங்கிள் என்றுதான் கூப்பிடுவார். கன்னடத்தில்தான் பேசினோம். குட்டியை மேசையில் வைத்து, அதன் பார்வை படாமல் பின்னால் நின்று சாவிக் கொத்தை ஆட்டினார். கை தட்டினார். ஒரு டப்பாவை மேசைக்கு அடியில் தட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இவனுக்குக் காது கேக்கல, அங்கிள். ரெண்டு காதுமே கேக்கலன்னு நினைக்கிறேன்.”

“பீரங்கிக்கே அசையாதவன், டாக்டர்.”

“அதனாலதான் அசையல, அங்கிள்.”

இந்த இனத்தில் இது புதிதல்ல என்றார். நிறம் தரும் உயிரணுக்கள் தோலில் இல்லாததால்தான் இப்படி வெள்ளை. உள்காதுக்கும் அதே உயிரணுக்கள் தேவை. அங்கேயும் இல்லாமல் போனால் சிலவற்றுக்கு இப்படி ஆகும். எந்த வெள்ளையை நான் வம்சத்தின் முத்திரை என்று தனிப் படம் எடுத்தேனோ அதுவேதான் காதையும் எடுத்துக்கொண்டிருக்கிறது. மற்றபடி நல்ல ஆரோக்கியமான குட்டி, கையைக் காட்டிப் பழக்கினால் எல்லாம் கற்றுக்கொள்ளும் என்றார்.

வரும் வழியில் ஆட்டோவில் என் மனைவி ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சந்து முனையில் இறங்கியபோது எதிரே ஒரு ஸ்கூட்டர் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. அவள் குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கினாள்.

“ஹாரன் கேக்காத ஜீவனை இந்தச் சந்துல எப்படீங்க விடறது? காட்டுக்கு அனுப்பினா சிறுத்தை. இங்க வெச்சா ஆட்டோ. எங்கதான் போகும் இது?”

பாளையக்காரர் காலத்திலிருந்து படித்திருந்தேன், இதற்குப் பதில் எதிலும் இல்லை.

தசரா முடிந்து மச்சினன் வந்தான். கொள்ளேகால் வழியாகப் பஸ்ஸில் வந்தவன், வைக்கோல் பரப்பிய கூடை ஒன்றைத் தோளில் மாட்டியிருந்தான். மகாராஜாவைத் தூக்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். விஷயத்தை நான்தான் சொன்னேன்.

“அழகாத்தானுங்க இருக்குது மாமா. ஆனா அழகைப் பாத்துட்டுச் சிறுத்தை திரும்பிப் போயிருமுங்களா?” குட்டியைக் கீழே விட்டான். “எங்க பக்கம் முந்தியெல்லாம் இப்படிப் பொறந்தா வெச்சிருக்கவே மாட்டாங்களாமுங்க. அன்னைக்கே...”

“வாயை மூடுடா,” என்றாள் அவன் அக்கா.

“சும்மா சொன்னேங்க்கா. நானா செய்யப் போறேன்?”

அவன் தவிட்டுக் காதுக் குட்டியைத் தேர்ந்தெடுத்தான். பெண் குட்டி. பீரங்கி வெடித்தபோது எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடியது அதுதான் என்று உண்மையைச் சொன்னேன்.

“அதுதானுங்க மாமா வேணும். மொதல்ல கேக்கறதுதான மொதல்ல ஓடும்? வளந்தா ஓடறதுக்குப் பதிலாக் குலைக்கும்.” கூடையை மூடியவன், “நீங்க இந்த வீரத்தைப் பத்தி இன்னும் எத்தனை பேருக்குப் போன் பண்ணுனீங்க?” என்றான்.

நான்கு பேர். அவர்களுக்கும் திரும்பப் போன் செய்தேன்.

மற்ற குட்டிகளுக்கு இடம் கிடைப்பது கஷ்டமாக இல்லை. ஒன்று சாமராஜநகருக்குப் போயிற்று. மூன்று ஊருக்குள்ளேயே தோட்டம் வைத்த வீடுகளுக்குப் போயின. மகாராஜாவைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் அதையே கேட்டார்கள், உண்மை தெரிந்ததும் வேறு குட்டியைத் தூக்கிக்கொண்டார்கள். மறைக்கலாமே என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. மனைவி விடவில்லை. ஒவ்வொருவர் வந்ததும் காபிக்கு முன்பே சொல்லிவிடுவாள். தாய்க்கும் பொறுமை போய்விட்டது. பால் கேட்டுப் போனால் உறுமியது. உறுமல் கேட்காத குட்டி மேலும் மேலும் போய்க் கடி வாங்கியது. அதனால் மனைவி எங்கே போனாலும் அதைத் துணிப்பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகத் தொடங்கினாள்.

அப்படித்தான் அது மாவு மில்லுக்கு வந்து சேர்ந்தது. பக்கத்துச் சந்தில் இருக்கும் அந்த மில்லை ஒரு அம்மாள் நடத்துகிறார். பேச்சில் பாதி தமிழ், பாதி கன்னடம், மிஷின் ஓடாதபோதும் ஓடுகிற மாதிரியே சத்தம். நான் ராகி டப்பாவைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். மனைவி பையைக் கீழே வைத்தாள். குட்டி வெளியே வந்து, மோந்து பார்த்து, ஓடிக்கொண்டிருக்கும் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கின்மேல் ஏறிச் சுருண்டு படுத்தது. இரண்டு நிமிடத்தில் தூக்கம்.

மில்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்.

“இது ஏன் ஓடல அக்கா? நான் ரெண்டு நாய் கட்டிப் பாத்தேன். மிஷின் போட்ட உடனே கயித்தை அறுத்துக்கிட்டு ஓடிப் போச்சு. சாயங்காலம் பூட்டிட்டுப் போனா ராத்திரி காவலுக்கு ஆளே இல்ல.”

“இதுக்குக் காதே கேக்காது,” என்றாள் மனைவி.

“எனக்கும் பாதி கேக்காது. பரவால்ல.”

“காவலுக்கு ஆகாதும்மா,” என்றேன் நான். “திருடன் வந்தா இதுக்கு எப்படித் தெரியும்?”

“மூக்கு இருக்குல்ல சார்? கண்ணு இருக்குல்ல? நாய்க்குக் கேக்க பேடா, வேணாம். அது குரைச்சாத் திருடனுக்குக் கேட்டாப் போதும்.”

இதற்கு மறுப்புச் சொல்ல வாயைத் திறந்தேன். மனைவி என் காலை மிதித்தாள்.

ஆனால் மில்காரம்மா வியாபாரி. சும்மா வாங்கிக்கொள்ளவில்லை. தீபாவளி வரைக்கும் வைத்துப் பார்ப்பேன், உபயோகம் இருந்தால் இருக்கட்டும், இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுவேன், பிறகு மனஸ்தாபம் கூடாது என்றார். மிஷின் ஓடும்போது பின்பக்கத்து முற்றத்தில் கட்டுவது, பூட்டிய பிறகு உள்ளே அவிழ்த்துவிடுவது என்று பேசி முடித்தோம். திரும்பி வரும்போது எனக்குத் திடீரென்று நினைவு வந்தது.

“இந்த இனத்தை அரிசி மில்லுக்குக் காவல் வெச்சிருந்தாங்கன்னு நான் படிச்சிருக்கேன்.”

மனைவி நடுச்சந்தில் நின்றாள்.

“இதை முன்னாடியே சொல்லியிருந்தா நான் ஊர் முழுக்கப் பையைத் தூக்கிட்டு அலைஞ்சிருக்க வேண்டாம். நீங்க பாளையக்காரனையே தேடிட்டிருந்தீங்க.”

அன்றிலிருந்து அவளுக்கு மில்லில் வேலை அதிகமாகிவிட்டது. ஒரு நாள் ராகி, ஒரு நாள் கோதுமை, ஒரு நாள் வெறும் மிளகாய். எங்கள் இருவருக்கும் ஆறு மாதத்துக்கு வேண்டிய மாவு வீட்டில் சேர்ந்தது. குட்டிக்கு உள்ளங்கையைக் காட்டினால் உட்கார, தரையைக் காலால் தட்டினால் திரும்பிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தாள். மாவு படிந்து அது முன்னைவிட வெள்ளையாக இருந்தது. ஆனால் மில்காரம்மாவின் அறிக்கை நன்றாக இல்லை.

“சாப்பிடுது, தூங்குது. ஒரு தடவை கூடக் குரைக்கல சார். பூனை வந்து அது தட்டுலயே சாப்பிட்டுட்டுப் போகுதாம். பின்வீட்டு மாமி பாத்துட்டு வந்து சொல்றாங்க.”

இந்த வயதில் எந்தக் குட்டியும் காவல் காக்காது, ஓராண்டாவது ஆக வேண்டும் என்று ஆதாரத்தோடு விளக்கினேன். அவர் மிஷினைப் போட்டுவிட்டார்.

தீபாவளிக்கு முந்திய வாரம் முறுக்கு மாவு அரைக்க வேண்டும் என்று மனைவி கிளம்பினாள். குட்டியைத் திருப்பித் தருவார்கள் என்று நினைத்து, துணிப்பையையும் ஒரு கயிறையும் நான் எடுத்துக்கொண்டேன். திரும்பி வந்தால் என்ன செய்வது என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அவள் அன்று காலையில் ஒருமுறை பால் வாங்க வெளியே போய்விட்டு வந்திருந்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரமாயிற்று என்பது என் குறிப்பில் இருக்கிறது.

மில்லில் கூட்டம். எடைத் தராசின்மேல் ஒரு ரப்பர் செருப்பு வைக்கப்பட்டிருந்தது. நீல வார், இடது கால். ஓரம் முழுக்கச் சின்னப் பற்களின் தடம். மில்காரம்மா வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். காலையில் திறக்க வந்தபோது கதவுக்கு உள்பக்கம் கிடந்ததாம், குட்டி அதன்மேல் காலை வைத்து உட்கார்ந்திருந்ததாம். கதவுக்கு அடியில் கை நுழையும் இடைவெளி உண்டு.

“ராத்திரி யாரோ வந்திருக்கான் சார். இது பிடிச்ச பிடியில செருப்பை விட்டுட்டு ஓடிட்டான். குரைக்காமலே பிடிச்சிருக்கு பாருங்க, எவ்வளவு புத்தி.”

கதவுக்கு அடியில் திருடன் ஏன் காலை விட்டான் என்று கேட்க வேண்டிய இடம் இது. நான் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் ஆதாரத்தை ஆராயாமல் விட்ட மிகச் சில சந்தர்ப்பங்களில் இது ஒன்று.

“அப்போ இங்கயே இருக்கட்டுமா?” என்றாள் மனைவி.

“பின்னே? இனி கேட்டாலும் தர மாட்டேன் அக்கா.” செருப்பைத் திருப்பிப் பிடித்தவர் என் பாதத்தை ஒருமுறை பார்த்தார். “உங்க கால் அளவுதான் இருக்கும் சார் அவனுக்கு.”

மனைவி டப்பா மூடியைத் திறப்பதில் மும்முரமாக இருந்தாள். “அரிசியைக் கொஞ்சம் நைசா அரைங்க,” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பின்கட்டுக்குப் போனேன். குழாயடியில் நான் போட்டுக்கொள்ளும் பழைய நீலச் செருப்பில் வலது கால் மட்டும் இருந்தது. மனைவியைக் கேட்டேன்.

“ஊர்ல நீலச் செருப்பு நீங்க ஒருத்தர்தான் போடறீங்களா? நாய் இழுத்துட்டுப் போயிருக்கும், கட்டிலுக்கு அடியில பாருங்க.”

பார்த்தேன், இல்லை. இடது செருப்பு காணவில்லை என்பது உறுதி. மில்லில் கண்ணாடிப் பெட்டிக்கு மேல் இன்றும் வைத்திருக்கும் செருப்பு அதுதானா என்பது சரிபார்க்கப்படவில்லை. சரிபார்க்க வேண்டுமானால் எல்லோர் முன்னாலும் அதைக் காலில் போட்டுப் பார்க்க வேண்டும். இதுவரை நான் போட்டுப் பார்க்கவில்லை.